உங்கப்பா நடக்கிற வெளிச்சம்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனாய் அல்லவா, அந்த அரிசியும் பருப்புஞ் சாதத்தை ராத்திரி நானும் உங்கப்பாவும்தான் சாப்பிட்டோம். வெறும் வயிற்றோடு கோயம்புத்தூர் வரைக்கும் போகிறாயே என்று போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன். அழுகையைக் கேட்டதும் நீ "செரி விடும்மா" என்பாய். சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி எத்தனையோ வருசமாகிவிட்டது, விரல் வலிக்கிறது. அவர் கூப்பிட்டால் எழுந்து போவேன், வந்து விட்ட இடத்திலிருந்து எழுதுவேன். கோர்வையாக இல்லையே என்று பார்க்காதே.

மண்டபத்துக்கு வரமாட்டேன் என்று உங்கப்பா கையை ஆட்டியது உனக்கு வலித்தது. எனக்கும்தான் வலித்தது. ஆனால் நீ வாசலில் நின்று, "அப்பா இல்லாம என்ன கல்யாணம்? தேதிய மாத்திப்போடலாம், இல்லீன்னா வேண்டாம்னே சொல்லிப்போடலாம். அவருக்கு என்னையவிட அவரு வாயிதான் பெருசாப் போச்சா?" என்று கத்தினாய் பார், அதை அவர் உள்ளே படுத்தபடி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பக்கவாதம் வலக்கையை எடுத்துக்கொண்டது, வலக்காலில் பாதியை எடுத்துக்கொண்டது, பேச்சை எடுத்துக்கொண்டது. காதை விட்டுவைத்துவிட்டது. அதையும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் அன்றைக்கு நல்லதாகப் போயிருக்கும் என்று நினைத்தேன். உன்னைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பத்து நாளில் தாலி கட்டப்போகிறவனைத் திட்டும் தெம்பும் எனக்கு இல்லை. உனக்குத் தெரியாதது ஒன்று இந்தத் தோட்டத்தில் ஏழெட்டு மாசமாக நடந்துகொண்டிருக்கிறது. அதை இனியும் மறைத்தால் கல்யாணம் நின்றுபோகும் என்று பயமாக இருக்கிறது.

முதலில் என் தப்பிலிருந்து சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஆள் மாற்றி ஆள் பார்க்க வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? நம் பக்கத்து மரியாதை அப்படி. ஒருவர் விழுந்துவிட்டார் என்று தெரிந்தால் பங்காளி, சம்பந்தி, பக்கத்துத் தோட்டத்துக்காரர் எல்லோரும் ஆரஞ்சும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். வந்தவரை வாசலோடு அனுப்பினால் நமக்குத்தான் கெட்ட பேர். நானும் "வாங்க, வாங்க, காப்பி குடிங்க" என்று உபசரித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொருவருக்காகவும் உங்கப்பாவுக்குச் சட்டை மாற்றி, தலை சீவி, திருநீறு இட்டு, முன்வாசல் நாற்காலியில் உட்காரவைத்தேன். கொலுவில் பொம்மையை வைப்பது போல. அவருக்குப் பிடிக்கிறதா என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அவரால் வாய் திறந்து சொல்லவும் முடியவில்லை.

ஒரு நாள் அவரோடு தேங்காய் வியாபாரம் செய்தவர் வந்தார். யார் என்று உனக்கே தெரியும். தங்கமான மனுசர், குறை சொல்லக் கூடாது. உங்கப்பா வாயோரம் எச்சில் ஒழுகியதைத் தன் துண்டாலேயே துடைத்துவிட்டு, அவர் தலைக்கு மேலாக என்னிடம் சொன்னார்: "ஏனுங்க அம்மணி, மனுசன் எப்படி இருந்தாருங்க! சந்தைக்குள்ள இவரு கொரல் கேட்டா நாலு கடைக்கு அந்தப்பக்கம் ஆளு திரும்பிப் பாக்குமுங்க. இப்பப் பாருங்க, கொழந்தையாட்டப் போயிட்டாருங்க." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாங்க" என்றேன். வேறு எதுவுமே வாயில் வரவில்லை. வாழ்நாளெல்லாம் யார் எது சொன்னாலும் ஆமாங்க, செரிங்க என்று சொல்லிப் பழகிய வாய் இது. உங்கப்பா என்னைப் பார்த்தார். அவரைப் பார்க்க வந்தவர்களையெல்லாம் பொறுத்துக்கொண்டவருக்கு, நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அன்றோடு பகலில் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிசியோதெரபிக்கு வந்தவர் காலைத் தொட்டால் உதறினார். நீ வந்து கெஞ்சியபோதும் திரும்பவில்லை. "அப்பா பிடிவாதம்" என்று நீ சொன்னாய். அது பிடிவாதம் இல்லை, கண்ணு, வெட்கம். ஆம்பளைக்கு வெட்கம் வந்தால் அது வெளியே பிடிவாதமாகத்தான் தெரியும்.

வைகாசியில் ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணி ஊற்ற நான் மறந்திருந்தேன், அதுவும் கைவிட்டது. வீட்டுக்குள் புழுக்கம், கொசு. வேறு வழியில்லாமல் சக்கர நாற்காலியில் அவரை உட்காரவைத்துத் தேங்காய் காயப்போடும் களத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அப்போதுதான் கிழக்கே தென்னைக்கு நடுவில் நிலா கிளம்பிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அதுவரைக்கும் நிலாவை நான் நிலாவாகப் பார்த்ததே இல்லை. மும்முனை கரண்ட் ராத்திரி முறைக்கு வரும்போது மோட்டார் போடப் போக டார்ச் வேண்டுமா வேண்டாமா, அதற்குத்தான் எனக்கு நிலா. அமாவாசை பக்கத்தில் வந்தால் தேங்காய் திருடுபோகும், அதற்கு ஒரு கவலை. ரசிக்கிறதெல்லாம் வேலை இல்லாதவர்கள் வைத்துக்கொள்ளும் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

கொசு கடிக்கிறதே என்று காற்று வருகிற பக்கமாக நாற்காலியைத் திருப்பினேன். நிலா முதுகுக்குப் பின்னால் போனது. எங்கள் இரண்டு பேர் நிழலும் களத்தில் நீளமாக முன்னால் விழுந்தது. உங்கப்பா அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். நிழலுக்கு வாய் கோணுவதில்லை. எச்சில் ஒழுகுவதில்லை. அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான் தெரிகிறது. கொஞ்ச நேரம் கழித்து இடது கையால் நாற்காலியைத் தட்டினார். "ஏனுங்க, ஒண்ணுக்குப் போகோணுங்களா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு என் தோளைப் பிடித்தார். நான் என்ன ஏது என்று புரிந்துகொள்வதற்குள் எழுந்துவிட்டார். அவருடைய எடை முழுதும் என் மேல், எனக்கு முழங்கால் மடங்குகிறது. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. முன்னால் அந்த நிழலும் எழுந்து நின்றதே, அதைத்தான் பார்த்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எனக்கு அழுகைதான்.

அன்றிலிருந்து நடக்கிறோம். வளர்பிறையில் இருட்டியதும் களத்துக்கு வந்துவிடுவோம். பௌர்ணமி கழிந்து நிலா தாமதமாக வர ஆரம்பித்தால் ஓரிரண்டு நாள் காத்திருந்து நடப்போம், அப்புறம் முடியாது, எனக்குத் தூக்கம் வந்துவிடும். நிலா இல்லாத நாளில் நாற்காலியைப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்போம். அவருக்கு வானத்தில் எல்லாம் தெரிந்திருக்கிறது, கண்ணு. கார்த்திகைக் கூட்டம் எது, வரிசையாக நிற்கும் மூன்று வெள்ளி எது என்று கையைத் தூக்கிக் காட்டுவார். முப்பது வருசம் தண்ணி கட்டப் போன மனுசர் மேலேயும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஒரு தடவை நானாகவே ஒன்றைக் கண்டுபிடித்த பெருமையில், "அதென்னுங்க, செவப்பா மின்னுதே, அது என்ன வெள்ளி?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் வாயைக் கூட்டிக் கூட்டி, "காத்... தாடி" என்றார். காற்றாலை உச்சியில் எரிகிற விளக்கு! அதை நட்சத்திரம் என்று கும்பிடாத குறைதான். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில் எச்சில் சட்டை முழுக்க ஒழுகியது. துடைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவர் சைகை காட்டிவிட்டார். நன்றாக நடக்க வந்த பிறகு காட்டலாம் என்று வைத்திருந்தார். கதையில் என்றால் நாளுக்கு நாள் தேறி வந்தார் என்று எழுதிவிடலாம். இங்கே அப்படி இல்லை. ஆடிக் காற்றில் அவரால் நிற்கவே முடியவில்லை. ஐப்பசி மழையில் கால் மறுபடியும் மரத்துப்போனது. நிலா தேய்ந்தால் வளரும், கவலைப்படாதீங்க என்று எத்தனையோ பேர் ஆறுதல் சொன்னார்கள். தேய்ந்தது தானாக வளர இது நிலா இல்லை, நரம்பு. அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

அந்த ஐப்பசியில்தான் விழுந்தார். பாத்ரூம் வாசலில் வழுக்கிவிட்டார் என்று உன்னிடம் சொன்னேன். விழுந்தது களத்தோரத்து வாய்க்காலில். என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தார். சேறு. தூக்கிப் பார்க்கிறேன், முடியவில்லை. கத்தினால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் வரும். ஆனால் வந்தவர் பார்ப்பார். அதனால் கத்தவில்லை. அவர் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, அன்றைக்கு எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. இரண்டு பேரும் இப்படியே கண்ணை மூடிவிட்டால் தேவலை, பையனாவது நிம்மதியாக இருப்பான் என்று நினைத்தேன். அவர் மல்லாந்து கிடந்தவர், இடது கையைத் தூக்கி மேலே காட்டினார். நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் கட்டியிருந்தது. "அகல்... வட்டம்," என்றார். அப்புறம் மூச்சு வாங்கி, "பகல்... மழை." பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு. எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே. "நாளைக்கு மழை வந்தா வருது, போனாப் போகுது, இப்ப உங்களை யாருங்க தூக்கறது?" என்று கத்திவிட்டேன். கத்தி முடித்ததும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த தெம்பிலேயே உருண்டு புரண்டு எப்படியோ கரையேறிவிட்டோம். மறுநாள் மழை வந்ததா என்றால், ஒரு தூறல்கூடக் கிடையாது. ஆனால் அந்த வட்டம் அழகாக இருந்தது, கண்ணு. சாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது அழகாகத் தெரிந்ததே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

விழுந்த சேதி கேட்டு அடுத்த வாரமே நீ வந்து வீட்டு மூலையிலும் மோட்டார் ரூமிலும் சென்சார் விளக்கு மாட்டினாய். ஆள் அசைந்தால் பகல் மாதிரி எரிகிற விளக்கு. உனக்கு நல்ல மனசு, பாசத்தில்தான் செய்தாய். அன்றைக்குச் சாயங்காலம் அவர் களத்தில் கால் வைத்ததும் பளீரென்று எரிந்தது. நிழலைக் காணோம். கோணின வாயும் தொங்குகிற கையும்தான் இருந்தது. திரும்பி உள்ளே போனவர் அந்த மாதம் முழுக்க வெளியே வரவில்லை. நான்தான் ஸ்டூலைப் போட்டு ஏறி இரண்டையும் கழற்றினேன். அப்புறம்தான் மறுபடி நடக்க வந்தார். நீ கேட்டபோது மயில் வந்து உட்கார்ந்து உடைத்துவிட்டது என்று சொன்னேன். "இந்த மயிலுக பண்ற அட்டகாசம்!" என்று நீயும் நம்பிவிட்டாய். பாவம், அந்த மயில் நிலக்கடலையைத் தவிர எதையும் தொட்டதில்லை. சென்னிமலை முருகனுக்கு இதற்காகத் தனியாக ஒரு அர்ச்சனை செய்யவேண்டும், சம்பந்தி வீடு அங்கேதானே, போகும்போது செய்துகொள்கிறேன்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அம்மா ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நெருங்கின ஆள் கஷ்டப்படும்போது உடனே லைட்டைப் போட்டுவிடாதே. நித்யா ஒரு நாள் திரும்பிப் படுத்து அழுவாள், எல்லா வீட்டிலும் அப்படி ஒரு நாள் வரும். "என்னாச்சு, ஏன், எதனால" என்று அந்த நிமிசமே தோண்டாதே. பக்கத்தில் இரு. நான் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துத்தான் உங்கப்பாவை அறைக்குள் தள்ளினேன். அந்தப் பிள்ளைக்கு இது சொல்லாமலே தெரிந்திருக்கிறது. நம் வீட்டைப் பார்க்க வந்த அன்று அவரைப் பார்க்க உள்ளே போனாளே, இருட்டாக இருந்த அறையில் அவள் சுவிட்சைத் தேடவில்லை. அப்படியே கட்டிலோரம் உட்கார்ந்து, "நாந்தானுங்க மாமா, நித்யாங்க" என்றாள். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நீ கொடுத்துவைத்தவன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனபிறகு மூன்றாம் பிறை பார்க்க அவரை வெளியே கூட்டிவந்தேன். கீற்றாக மேற்கே நின்றது, நடக்க அந்த வெளிச்சம் போதாது. உட்கார்ந்திருந்தோம். அவர் அழுதார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். பிறை மறைகிற நேரத்துக்கு என் கையைத் தட்டி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "நெலா... பெருசா... ஆகட்டும். ரெண்டு பேரையும்... இங்க... வரச்சொல்லு." மண்டபத்துக்கு வரமாட்டேன் என்றுதான் சொன்னார், கண்ணு. உன் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நீதான் அப்படி எடுத்துக்கொண்டாய், நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

நல்லவேளை, நாம் வளர்பிறை பார்த்து முகூர்த்தம் வைக்கிறவர்கள். உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் இருட்டும்போதே நிலா கிழக்கே பாதி வானத்துக்கு ஏறியிருக்கும். தை மாசம், மேகம் இருக்காது. அன்று சாயங்காலம் மண்டபத்தில் வரவேற்பு என்று பத்திரிகையில் போட்டாகிவிட்டது. இருக்கட்டும். உடுமலையிலிருந்து தோட்டத்துக்கு எவ்வளவு நேரம்? மாப்பிள்ளையையும் பெண்ணையும் கொஞ்ச நேரம் காணோம் என்றால் குடி முழுகிப் போகாது. வந்தவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருக்கட்டும். யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆமாங்க, செரிங்க தவிர வேறு வார்த்தையும் எனக்கு இப்போது வருகிறது. அவர் அடுத்த நாள் மண்டபத்துக்கு வருவாரா என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. வராமலும் போகலாம். அதற்காகத் தேதியை மாற்றாதே, அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தாள்? அவர் ஆசீர்வாதம் உனக்கு வேண்டும் என்றால் அது களத்தில் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்.

போட்டோகிராபரைக் கூட்டிவராதே. காரைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி விளக்கை அணைத்துவிடு. செல்போனில் டார்ச் அடிக்காதே, களத்தைக் கூட்டிவைத்திருப்பேன், பட்டுச்சேலையில் முள் மாட்டாது. இரண்டு பேரும் களத்து ஓரமாக நில்லுங்கள். அவர் மோட்டார் ரூம் பக்கமிருந்து வருவார். தடி மட்டும்தான், இப்போதெல்லாம் என் தோளைப் பிடிப்பதில்லை. மெதுவாகத்தான் வருவார். நடுவில் ஒரு தென்னை வேர் மேலே கிளம்பியிருக்கிறது, அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுவார். ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றும். நான் பக்கத்திலேயே நிற்பேன், நானும் பிடிக்கமாட்டேன். நீ நின்ற இடத்திலேயே நில், கண்ணு. அவர் வந்து சேரட்டும்.

அம்மா